சின்னம்மா படத்தில் விட்ட இடம்

பாச்சை உருண்டையின் வாசனை வந்தால் மற்றவர்களுக்குப் பெட்டியில் மடித்துவைத்த பட்டுச்சேலை நினைவுக்கு வருமாம். எனக்குக் கேமராதான் நினைவுக்கு வரும். சனிக்கிழமைக் காலைகளில் விலாசினி டீச்சர் தோல் உறையின் பொத்தானை 'டப்'பென்று விடுவிக்கும்போது முதலில் அந்த வாசனை வெளியே வரும், அப்புறம்தான் கேமரா வரும். வளைகுடாவில் வேலை பார்த்த அவருடைய அண்ணன் அனுப்பிய பொருள் அது; அவர் அம்மா அதை அலமாரியில் சேலைகளோடு சேலையாகப் பூட்டிவைத்திருந்தாராம், டீச்சர் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக்கொண்டு வந்திருந்தார். வெயிலுக்கு ஒரு குறி, மேகத்துக்கு ஒரு குறி, அவ்வளவுதான் அதில் திருப்புவதற்கு இருந்தது. ஆனால் அதைத் தொடுவதற்கு முன் நாங்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், கழுவிய கையைப் பாவாடையில் துடைக்கக்கூடாது, காற்றில் ஆட்டி உலர்த்த வேண்டும்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி மலையாளப் பக்கம் இருந்த ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பிரிவில் படித்துக்கொண்டிருந்தேன். விலாசினி டீச்சர் ஒற்றப்பாலத்துக்காரர், வயது இருபத்து மூன்றோ நாலோ இருக்கும், கைத்தொழில் பாடத்துக்கென்று வந்தவர். கூடை முடையச் சொல்லித்தருவதில் அவருக்கே கொட்டாவி வந்ததால், தலைமையாசிரியரிடம் பேசிப் 'போட்டோ கிளாஸ்' ஆரம்பித்துவிட்டார். பெரிய கைகாரர் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு ஆங்கிலப் புத்தகம் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை படித்த பக்கத்தைச் சனிக்கிழமை எங்களுக்குச் சொல்லுவார். அதற்கு அடுத்த பக்கத்தில் இருப்பதை எவளாவது அதிகப்பிரசங்கியாகக் கேட்டுவிட்டால், "அது அடுத்த ஆழ்ச்ச" என்று அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். கேட்கிற அதிகப்பிரசங்கி பெரும்பாலும் நானாகத்தான் இருப்பேன்.

நாங்கள் பன்னிரண்டு பேர். ஒரு சுருள் பிலிமில் பன்னிரண்டு படம். ஆளுக்கு ஒன்று என்று முதல் நாளே சொல்லிவிட்டார், அதனால் இரண்டு மாதம் பிலிமே போடாமல் பழகினோம். முழங்கையை விலாவோடு ஒட்டி, மூச்சைப் பிடித்து, பொத்தானை அமுக்கி, மூச்சை விடுவது. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வது. ஆளின் தலைக்குப் பின்னால் பனைமரமோ கம்பமோ முளைக்காமல் பார்த்துக்கொள்வது. காலண்டர் அட்டையில் சதுரமாக ஓட்டை வெட்டி எல்லோருக்கும் ஒன்று கொடுத்திருந்தார். அதை ஒரு கண்ணில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றினேன். "ஏன்டி அம்முணி, ஓட்டையில பாத்தாத்தான் உனக்கு எருமை தெரியுதா?" என்று அம்மா கேட்டாள். கிண்டலாகக் கேட்டாளே ஒழிய, உண்மை அதுதான். அந்த ஓட்டை வழியாகத்தான் எங்கள் கட்டுத்தரையில் எத்தனை கயிறு, எத்தனை முளைக்குச்சி, எத்தனை நிழல் இருக்கிறது என்று எனக்கு முதன்முதலாகத் தெரிந்தது.

டீச்சரின் தமிழ் பாதி மலையாளம். "முதல்ல நாலு மூலை நோக்கணும், பின்னெதான் நடு, கேட்டோ" என்பார். அவர் எல்லாவற்றிலும் முக்கியமாகச் சொன்ன பாடம் ஒன்று உண்டு. ஆளை நடுவில் நட்டுவைக்கக் கூடாது. ஓரமாக வைக்க வேண்டும். ஆள் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் தாராளமாக இடம் விட வேண்டும். "பார்வைக்கு நடக்க வழி வேண்டே?" என்று கேட்பார். நாங்கள் கொஞ்ச நாள் அந்த 'வேண்டே'யைப் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டு மணி அடித்தால் "சோறு வேண்டே?" என்று ஒருத்தியை ஒருத்தி சீண்டிக்கொண்டு திரிந்தோம். ஆனால் பாடம் மனசில் பதிந்துவிட்டது. பதியாமல் போயிருக்கலாம் என்று பிற்பாடு பல வருஷம் நினைத்தேன்.

என் முறை வந்தபோது யாரைப் படமெடுப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், சின்னம்மா. சின்னம்மா என்பது அப்பாவின் தம்பி மனைவி, பெயர் மயிலாத்தாள். அப்போது முப்பது வயதுகூட ஆகியிருக்காது, பிள்ளை இல்லை. சித்தப்பா வீட்டில் இல்லை. நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, அவர் ஆசையாக வளர்த்த ஒரு ஜோடிக் காளையை அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அப்பா வேலந்தாவளம் சந்தையில் விற்றுவிட்டார். மறுநாள் காலை சித்தப்பா ஒரு பையில் இரண்டு வேட்டியை மடித்துக்கொண்டு இடுக்கி மலைக்குப் பஸ் ஏறினார். ஆனைக்கரையில் ஏலத்தோட்டத்தில் மேஸ்திரி வேலை என்று இரண்டு கடிதம் வந்தது. அப்புறம் கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. நாலு வருஷம் ஓடிவிட்டது.

தேடிப் போயிருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். அம்மாவுக்கும் தோன்றியது, பலமுறை சொன்னாள். "அண்ணங்காரன் தம்பியத் தேடிப் போறதா? போனவனுக்குக் காலு இருக்குதல்ல, வரட்டும்" என்று அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். அது வீம்பு என்று அப்போது நினைத்தேன். காளையை விற்றவருக்குத் தம்பி முகத்தில் முழிக்கத் தைரியம் இல்லை என்பதுதான் சரி.

இதில் நடுவில் மாட்டிக்கொண்டவள் சின்னம்மா. கழுத்தில் தாலி இருந்தது, நெற்றியில் பொட்டு இருந்தது, வெள்ளிக்கிழமை பூ வைத்துக்கொள்வாள். ஆனால் கல்யாணம், காதுகுத்து என்று ஊரில் ஒரு சீர் நடந்தால், ஆரத்தித் தட்டு பெண்கள் கை மாறி வரும்போது அவள் முன்னால் வந்ததும் ஒரு கணம் நிற்கும். புருஷன் இருக்கிறானா இல்லையா, இவள் தொடலாமா கூடாதா என்று தட்டை வைத்திருப்பவள் கண்ணால் மற்றவளைக் கேட்பாள். கடைசியில் யாராவது "குடு, குடு" என்பார்கள், சின்னம்மா தொட்டு நகர்த்துவாள். அந்த ஒரு கணத்தை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவள் தலையைக் குனிய மாட்டாள், தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் எனக்குத் தலை வாரிவிடுவாள், பேன் பார்ப்பாள், கணக்கில் முட்டை வாங்கினால் அம்மாவிடம் சொல்லாமல் மறைப்பாள். என் ஒற்றைப் படத்தை அவளுக்குக் கொடுப்பது என்று தீர்மானித்தேன். "என்னையப் போயி என்னத்துக்குக் கண்ணு படம் புடிக்கறே? அந்தக் கன்னுக்குட்டியப் புடி" என்றாள். ஆனாலும் முகம் கழுவி, பொட்டைச் சரிசெய்துகொண்டுதான் களத்துக்கு வந்தாள்.

முறை வந்தவள் கேமராவை ஒரு நாள் வீட்டுக்கு எடுத்துப்போகலாம். ஞாயிற்றுக்கிழமைக் காலை, வெயில் இன்னும் சுடவில்லை. களத்தில் கடலைக்காய் காயப்போட்டு அள்ளிவிட்டிருந்தார்கள், மண் பளிச்சென்று இருந்தது. களத்தின் ஓரத்துக் கல்லில் அவளை உட்காரவைத்தேன். கேமராவின் முதுகில் இருந்த சிவப்பு வட்டத்தில் ஏழு என்ற எண் தெரிந்தது, ஏழு என்னுடையது. நாலு மூலையையும் பார்த்தேன். மரம் எதுவும் தலையில் முளைக்கவில்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை, தன் வலது கைப்பக்கம், காலியாகக் கிடந்த களத்தையும் அதற்கு அப்பால் பஸ் போகும் ரோட்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே நாலடி நகர்ந்து, அவளைச் சட்டத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோய், அவள் பார்க்கிற பக்கம் முழுவதையும் இடமாக விட்டேன். மூச்சைப் பிடித்தேன், அமுக்கினேன், விட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நான் வேறு எதையும் செய்ததில்லை.

சுருளைச் சித்தூர்க் கடைவீதி ஸ்டுடியோவில் கொடுத்துக் கழுவினார்கள். பன்னிரண்டில் மூன்று கறுப்பு, இரண்டு ஆட்டம் கண்டது, ஒன்றில் தலையே இல்லை. என் படத்தைப் பார்த்துவிட்டு டீச்சர் கண் கலங்கிவிட்டார். வகுப்பிலேயே அதுதான் நல்ல படம் என்று சொல்லி, அதை மட்டும் தபால் அட்டை அளவுக்குப் பெரிதாகப் போட்டுத்தரச் சொன்னார். ஒரு வாரம் கழித்துப் பெரிய படம் வந்தது. டீச்சருக்குத் தமிழ் பேச வருமே தவிர வாசிக்க வராது. கவரிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே என்னிடம் கொடுத்தார். நானும் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. வீடு வரைக்கும் ஓடினேன்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ஜோடியாகப் படம் எடுத்துக்கொள்ளாமலே புருஷன் செத்துப்போனால், அந்தப் பெண்ணை ஸ்டுடியோவுக்கு அழைத்துப்போய் ஓரமாக உட்காரவைத்து, அவளுடைய வலது கைப்பக்கம் ஒரு ஆள் அளவுக்கு இடம் விட்டுப் படம் எடுப்பார்கள். புருஷனின் பழைய படம் ஏதாவது கிடைத்தால் அதைப் பெரிதாக்கி அந்த இடத்தில் சேர்த்துவிடுவார்கள். 'ஒட்டுப் படம்' என்று பெயர். ஏறக்குறைய எல்லா வீட்டுச் சுவரிலும் அப்படி ஒன்று தொங்கும். செத்தவர் இளவட்டமாகவும் பக்கத்தில் பெண்டாட்டி கிழவியாகவும் இருப்பதைப் பார்த்து நாங்கள் சிரித்திருக்கிறோம். தினமும் பார்த்த சங்கதிதான். படம் எடுக்கும்போது என் மரமண்டைக்கு அது உறைக்கவே இல்லை.

அம்மா படத்தைக் கையில் வாங்கி, "அட, மயிலா அப்படியே இருக்கறா" என்று சந்தோஷப்பட்டாள். "ஏன்டி இவள ஓரத்துல ஒதுக்கிப்போட்ட?" என்று கேட்டாள், நான் பார்வைக்கு வழி விடும் பாடத்தைப் பெருமையாக ஒப்பித்தேன். அப்பா வாங்கிப் பார்த்தார். ஏதோ நினைத்துக்கொண்டவராக முன்பக்கத்தைப் பார்த்தபடியே இருந்தார், பிறகு திருப்பினார். பின்னால் பென்சிலில் எழுதியிருந்தது. வாயை மூடிக்கொண்டு அப்படியே எடுத்து வைத்திருக்கலாம். அதிர்ச்சியில் வாய்விட்டே படித்துவிட்டார். 'காலஞ்சென்றவர் படம் கொடுத்தால் பக்கத்தில் சேர்த்துத் தரப்படும்.'

சின்னம்மா நாலடி தள்ளி முறத்தில் தட்டப்பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது. ஸ்டுடியோக்காரரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை; ஒரு பெண், அவள் வலப்பக்கம் ஒரு காலி இடம், அவர் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான், மரியாதையாக எழுதியிருந்தார். அம்மா தாழ்ந்த குரலில், "நம்ம வாயில வர வேண்டாம்னு நாலு வருசமாப் பல்லக் கடிச்சிட்டு இருந்தமே, எவனோ எழுதீட்டானே" என்றாள். அப்பா படத்தைக் கவிழ்த்து வைத்தார்.

அப்படியே அமுங்கிப் போயிருந்தால் கதையே இல்லை. ஊரில் எது அமுங்கியது! யார் சொன்னார்களோ, மூன்றாம் நாள் கிணற்றடியில், "மயிலாத்தாளுக்கு எடம் உட்டுப் படம் எடுத்தாச்சாமா?" என்று என்னையே ஒருத்தி கேட்டாள். அந்த மாசமே பக்கத்து வீட்டில் ஒரு சீர். ஆரத்தித் தட்டு வந்தது. முன்னெல்லாம் சின்னம்மா முன்னால் ஒரு கணம் நிற்குமே, அந்த ஒரு கணம்கூட இந்த முறை நிற்கவில்லை. அவளைத் தாண்டி அடுத்த கைக்குப் போய்விட்டது. அவள் கை பாதி நீண்டிருந்தது. அதை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் காலண்டர் அட்டையை அடுப்பில் போட்டேன்.

"தை பொறக்கட்டும். பெரியவங்க நாலு பேரக் கூட்டி வெச்சு ஒரு முடிவு பண்ணீரலாம்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். முடிவு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். சித்தப்பா செத்ததாக வைத்துக் காரியம் செய்வார்கள், சின்னம்மாவின் தாலியை எடுப்பார்கள், வெள்ளைச் சீலை கட்டுவார்கள். நான் விலாசினி டீச்சரிடம் போய் அழுதேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஞான் வந்து பறயாம்" என்றவர், தாமே சொல்லிப் புரியவைத்துவிடலாம் என்று அன்று மாலையே அந்த ஆங்கிலப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அப்பா அவருக்கு நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, தாம் நின்றுகொண்டே கேட்டார். டீச்சர் புத்தகத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் படத்தைக் காட்டி, இது படமெடுக்கிற சாஸ்திரம், இதில் சாவும் இல்லை வாழ்வும் இல்லை, குட்டி நான் சொன்னதைத்தான் செய்தாள் என்று பாதி மலையாளத்தில் மூச்சுவிடாமல் சொன்னார். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டீச்சரு சொல்றது செரிதானுங்க. பாக்கற பக்கம் எடம் உடோணும். அவ பாக்கறாளே, அந்தப் பக்கம் ஆரு இருக்கறாங்க?" என்று கேட்டார்.

பாவம், டீச்சர் உண்மையைத்தான் சொன்னார். "ஆரும் இல்லா. வெறும் ஸ்தலமல்லே?"

டீச்சருக்குத் தாம் என்ன சொல்லிவிட்டோம் என்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று, புரிந்ததும் மோர் டம்ளரைக் கீழே வைக்கக்கூட இடம் தெரியாமல் தவித்தார். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து சின்னம்மா வெளியே வந்தாள். எங்கள் வழக்கத்தில் புருஷனின் அண்ணனிடம் பெண்கள் நேருக்கு நேர் பேசுவதில்லை. வந்த நாளிலிருந்து அவள் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. "நீங்க ஆரும் முடிவு பண்ண வேண்டாமுங்க மாமா. நான் போயிப் பாத்துட்டு வந்தர்றேன்" என்றாள்.

தனியாக விட முடியாமல் அப்பாவும் உடன் போனார். பொள்ளாச்சி போய், அங்கிருந்து பஸ் மாறி மாறி, கம்பம் வழியாகக் குமுளி ஏறி, ஆனைக்கரைக்குப் போனார்கள். மூன்றாம் நாள் பொழுது சாய, இருவரும் ரோட்டிலிருந்து வரும் இட்டேரிப் பாதையில் நடந்து வருவதைப் பார்த்து நான் ஓடினேன். அப்பா தலை நிமிரவில்லை. சின்னம்மா என் தலையில் ஒரு முறை கைவைத்துவிட்டு, வீட்டுக்குள் நுழையாமல், பக்கவாட்டில் நடந்து பொடக்காலிக்குப் போனாள்; அது வீட்டின் பின்புறம், குளிக்கிற இடம். தொட்டித் தண்ணீரை மொண்டு கட்டின சீலையோடு தலையில் ஊற்றிக்கொண்டாள். "அடி மயிலா, என்னடி பண்றே!" என்று அம்மா கத்திக்கொண்டு ஓடினாள்.

"அவரு இல்லீங்க அக்கா. செத்துட்டாரு" என்றாள் சின்னம்மா. பெண்கள் கூடித் தாலி எடுக்கிற சடங்குக்கு அவள் காத்திருக்கவில்லை; தானே கழற்றி அம்மாவின் கையில் வைத்தாள். அம்மாதான் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்பா முடிவு முடிவு என்று பேசினாரே ஒழிய, அந்தத் தாலியைக் கையில் வாங்குகிற நாள் வரும் என்று அம்மா நினைத்திருக்கவில்லை. அப்பா சுவரைப் பார்த்து நின்றார். எப்போது செத்தார், எப்படி என்று ஊரார் கேட்டதற்கெல்லாம் அவர் "ஆமா" என்ற ஒரு வார்த்தைக்கு மேல் சொல்லவில்லை. காரியம் நடந்தது.

நான் போட்டோ வகுப்புக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன். வருஷக் கடைசியில் டீச்சர் மாற்றலாகிப் போகும்போது என்னைக் கூப்பிட்டு, "ஞான் ஒரு பாடம் சொல்லித் தந்தது மாத்ரமல்லே?" என்று, பாடம் சொன்னதைத் தவிர வேறென்ன செய்தேன் என்கிற மாதிரி கேட்டார். அது என்னிடம் கேட்ட கேள்வியா என்று தெரியவில்லை. நான் திரும்பி நடந்துவிட்டேன். பதினாலு வயதுக் கல்நெஞ்சு, வேறென்ன சொல்வது.

பால் சங்கத்துக் குரூப் போட்டோ ஒன்றில் சித்தப்பாவின் முகம் நகக்கண் அளவுக்கு இருந்தது. அதைப் பெரிதாக்கிச் சேர்த்துவிடலாமா என்று அப்பா அம்மா மூலமாகக் கேட்டார். சின்னம்மா வேண்டாம் என்றுவிட்டாள். படம் அப்படியே கண்ணாடி போட்டு மாட்டப்பட்டது, ஓரத்தில் அவள், மீதி காலிக் களம். வருகிறவர்கள் ஏன் இன்னும் ஒட்டவில்லை என்று கேட்டுக் கேட்டுக் கடைசியில் கேட்பதை விட்டார்கள். அந்தச் சுவரைத் தாண்டும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்ப்பேன். அவளுக்கு வெள்ளை கட்டிவிட்டது நான்தான் என்று எனக்குள் உறுதியாகிவிட்டது.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழிந்தது. எனக்குக் கல்யாணமாகி முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தேன். ஒரு மத்தியானம் அப்பா தோட்டத்தில், அம்மா சந்தையில். வீட்டில் நானும் தொட்டில் குழந்தையும் சின்னம்மாவும்தான். வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். இளைத்த உடம்பு, நரைத்த தாடி, எங்கள் ஊர் வெயிலில் கழுத்தைச் சுற்றி மப்ளர். "அண்ணன் இல்லீங்களா?" என்றார். எனக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. குரல் கேட்டுச் சின்னம்மா உள்ளேயிருந்து வந்தாள். அந்த ஆள் அவளைப் பார்த்தார். வெள்ளைச் சீலையைப் பார்த்தார், வெறும் கழுத்தைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார்.

"ஆருங்க? எந்தூருங்க?" என்றாள் சின்னம்மா.

அவர் மப்ளரைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டார். அவள் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்தார், பாதி மேலே சிந்தியது. "இட்டேரி வழியாப் போனீங்கன்னா அடுத்த பஸ்ஸப் புடிச்சுப்போடலாமுங்க" என்றாள், அந்நியர்களிடம் பேசுகிற அதே மரியாதையோடு. அவர் போனார். அவள் சொம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, என் குழந்தை நனைத்த துணிகளை மடிக்க உட்கார்ந்தாள்.

மாலையில் அப்பாவிடம் வந்த ஆளைப் பற்றிச் சொன்னபோது, "இடது புருவத்துல வெட்டுத் தழும்பு இருந்துச்சா?" என்று கேட்டார். இருந்தது. அப்பா அப்படியே கட்டிலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அன்றுதான் எனக்கு முழுதும் தெரிந்தது. ஆனைக்கரையில் சித்தப்பாவின் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், இவர்கள் யார் என்று தெரியாமலே பால் இல்லாத கட்டங்காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறாள். அவர் குமுளிக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்றிருக்கிறாள். மூன்று வயதுப் பையன் ஒருவன் வந்து சின்னம்மாவின் மடியில் சாய்ந்திருக்கிறான். உங்கப்பா பேரென்ன கண்ணு என்று அவள் கேட்டிருக்கிறாள், அவன் சொல்லியிருக்கிறான். காப்பியைக் குடித்து, டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டு, வீடு மாறி வந்துவிட்டோம் என்று சொல்லி எழுந்திருக்கிறாள். பஸ்ஸில் அப்பாவிடம் சொன்னது ஒன்றுதான்: "நான் சொல்லிக்கறனுங்க மாமா. நீங்க மறுத்துப் பேசாம இருந்தாப் போதும்."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. உயிரோடு இருக்கிற ஆளுக்காக இத்தனை வருஷம் அவளை வெள்ளை கட்ட விட்டீர்களே என்று அப்பாவைக் கண்டபடி பேசினேன். சின்னம்மாவிடம் மட்டும் எனக்குப் பேச வாய் வரவில்லை, அது இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல் தள்ளிப்போயிற்று.

இப்போது அந்தக் களம் தென்னந்தோப்பு. சந்தைக்கு மாடுகள் லாரியில் வந்து லாரியிலேயே போகின்றன. அப்பா, அம்மா, சித்தப்பா யாரும் இல்லை. சித்தூர் ஸ்டுடியோ இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். ஒட்டுப் படம் எந்த வீட்டிலும் புதிதாக மாட்டப்படுவதில்லை. எல்லோர் கையிலும் எல்லோருடைய படமும் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. நல்லதெல்லாம் போயிற்று என்று நான் ஒப்பாரி வைக்கப்போவதில்லை, அதில் பாதி தொலைந்ததே நல்லது. சின்னம்மா போன ஐப்பசியில் போனாள். ஆரத்தித் தட்டைக் கடைசி வரை அவள் தொடவில்லை.

அதற்குச் சில மாசம் முன்னால், பொடக்காலியில் உட்காரவைத்து அவளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, இனியும் கேட்காவிட்டால் எப்போது என்று கேட்டுவிட்டேன். "என்னைய மன்னிச்சிருங்க சின்னம்மா. அந்தப் படத்த நான் அப்படி எடுக்காம இருந்திருந்தா நீங்க பூவும் பொட்டுமா இருந்திருப்பீங்க" என்றேன்.

அவள் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகத்தான் பார்த்தாள்.

"மாட்ட வித்தது மாமா இஷ்டம். போனது அவரு இஷ்டம். வெள்ளச் சீல ஊரு இஷ்டம். நானா இந்தப் பொறப்புல ஒண்ணே ஒண்ணுதான் கண்ணு பண்ணுனேன், அவரு செத்துட்டாருன்னு சொன்னது. அதையும் நீ பண்ணுனதுன்னு சொல்லாத."

பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஊத்து" என்றாள். நான் ஊற்றினேன்.